எலுமிச்சம்பழக்காரியின் பொட்டு

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் எதைக் கொண்டுபோனாலும் பிரித்துப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். மோட்டார், கிரைண்டர், தறி, கைக்கடிகாரம் என்று எதுவானாலும் ஏதோ ஒரு சந்துக்குள் ஒருவர் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார். பழைய ஓவியம் ஒன்று நிஜமா, போலியா என்று சொல்வதற்குத்தான் யாரும் இல்லை. காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். போட்டிக்கு ஆள் இல்லாததால் என்னை நிபுணர் என்றார்கள்.

உண்மையில் நான் ஒரு பெண்கள் கல்லூரியில் ஓவிய ஆசிரியை. அதற்கு முன்னால் வடக்கே ஒரு மியூசியத்தில், பழைய எண்ணெய் ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் பயிற்சி பெற்றிருந்தேன். சோமனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். "இத்தன படிச்சுப்போட்டு ஊரான் ஊட்டுப் படத்தத் தொடைக்கவா போற?" என்று அம்மா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

அந்த மியூசியத்திலிருந்து ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு ஊதா விளக்கும் கொண்டுவந்திருந்தேன். கள்ள நோட்டுப் பார்க்க பாங்கில் வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி விளக்கு. இருட்டில் அதைப் போட்டால் ஓவியத்தின் மேல் பூசிய பழைய வார்னிஷ் பாசி நிறத்தில் ஒளிரும். பிற்காலத்தில் யாராவது கை வைத்துத் திருத்திய இடம் மட்டும் கரேலென்று தெரியும். அதைவிட நன்றாக அது காட்டிக்கொடுப்பது சமையல் மஞ்சளை. பயிற்சிக்குப் போன புதிதில் இருட்டறையில் விளக்கைப் போட்டதும், நாலு முறை துவைத்தும் போகாமல், ஆனால் கண்ணுக்கும் தெரியாமல் என் முந்தானையில் ஒளிந்திருந்த சாம்பார்க் கறை பச்சை மஞ்சளாகப் பளபளத்தது. கூடப் படித்த வடநாட்டுப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவர்களோடு ஒரு வாரம் பேசவில்லை.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் கற்றுக்கொண்டு வந்தது, எந்தப் படத்தையும் முதலில் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்பது. போலி செய்கிறவன் தன் கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் முன்பக்கத்தில் காட்டிவிடுவான். பின்பக்கத்துக் கட்டை, ஆணி, துணி, அழுக்கு இதிலெல்லாம் மெனக்கெட அவனுக்குப் பொறுமை இருக்காது. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் பல பேருடைய முகத்தை வாட வைத்திருக்கிறேன். போலி என்று சொன்ன வீட்டில் காபி கூடக் கிடைக்காது. நான் காபி குடித்த வீடுகள் குறைவு.

அப்படிக் காபி கிடைத்த வீடுகளில் ஒன்று பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தது. வீட்டுக்காரர் பம்ப்செட் மோட்டார் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். அவர் மனைவி, அந்த அம்மா, அவிநாசிப் பக்கத்து மஞ்சள் தோட்டக்காரர் வீட்டுப் பெண், அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். நீலகிரியில் பழைய எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்து சாமான்களை விற்கும்போது, எல்லோரும் தேக்குக் கட்டிலுக்கும் பீங்கானுக்கும் முண்டியடிப்பார்கள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். அப்படி வாங்கிச் சேர்த்த படங்கள் மாடியில் ஒரு பெரிய அறை நிறைய இருந்தன. அந்த அறையின் மேல் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். மோட்டார்த் தகடுகளை அடுக்கி வைக்க அதைவிடத் தோதான இடம் இல்லை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை போனபோது அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க அம்மணி. வேகாத வெயில்ல வண்டீல வந்துருக்கறீங்க, மொதல்ல மோர் குடிங்க. படம் எங்கீம் போயிராதுங்க."

பிறகு படம் போயேவிட்டது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

அவர் என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு படத்துக்காக. இளவயது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, மார்பளவு. தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, கருநிற உடை. கையில் பாதி உரித்த எலுமிச்சம்பழம், அதன் தோல் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ கேட்ட கேள்விக்கு இதோ பதில் சொல்லப் போகிறாள் என்பது போன்ற பார்வை. நல்ல படம் என்று கதவருகிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிட்டே போனேன். அவள் நெற்றியின் நடுவில் வட்டமாக, சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். பேசியிருந்தால் மரியாதையாக இருந்திருக்காது.

"இது என்னங்கம்மா?"

"பொட்டுங்க."

"அது தெரியுதுங்க. யார் வெச்சது?"

"நாந்தானுங்க. வெள்ளிக்கெழமையானா வாசல் நெலவுக்கு, ஆட்டாங்கல்லுக்கு, சாமி படத்துக்கெல்லாம் வெக்கறமில்லீங்களா? இவளும் இந்த ஊட்டுல இருக்கறவதான? கையில எலுமிச்சம்பழத்த வேற வெச்சுக்கிட்டு வெறும் நெத்தியோட நின்னா நல்லாவா இருக்குது?"

அவர் தோட்டத்து மஞ்சள், வீட்டிலேயே இடித்துச் செய்த குங்குமம். மஞ்சளைக் குழைத்து முதலில் ஒரு புள்ளி, அதன் மேல் குங்குமம். வீட்டிலிருந்த சாமி படங்களுக்கு எல்லாம் கண்ணாடி போட்டிருந்ததால் பொட்டு கண்ணாடியோடு நின்றுவிட்டது. எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி போடும் வழக்கம் இல்லை. இவளுக்கு நேராக நெற்றியிலேயே விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில், இத்தனை காலம் தப்பிப் பிழைத்து வந்த ஓவியத்தை இப்படியா செய்வார்கள் என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினேன். அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "இன்னொரு டம்ளர் மோர் குடிங்க அம்மணி" என்றார்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். படத்தைத் திருப்பி வைத்தேன். துணியை இழுத்துக் கட்டியிருந்த கட்டை கையால் இழைத்தது, ஆணிகள் கொல்லன் அடித்தவை. துணியின் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடியது, மில் துணி அப்படி இருக்காது. முன்பக்கத்து வெடிப்புகள் வண்ணத்தின் அடிவரைக்கும் போயிருந்தன. ஜன்னலை அடைத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டதும் படம் முழுக்கப் பாசி நிறத்தில் ஒளிர்ந்தது. பொட்டின் இடத்தில் என் சாம்பார்க் கறையின் நிறம். எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விற்றவன் அதை ஹாலந்து தேசத்து மாபெரும் ஓவியர் ஒருவர் வரைந்தது என்று சொல்லித் தள்ளியிருந்தான். நான் ஒளிக்காமல் சொன்னேன். "பேரு பொய்ங்கம்மா. அந்தப் பெரியவர் கை இது இல்ல. ஆனா படம் பொய் இல்ல. முந்நூறு வருசத்துக்குக் கிட்ட இருக்கும், கை நல்லாப் பழகின எவனோ ஒருத்தன் ஆசையா வரைஞ்சிருக்கான்."

"பேரு கெடக்குதுங்க. பேரையா மாட்டி வெக்கப்போறோம்?" என்றார் அவர். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெரிய பெயர் இல்லை என்றதும் படத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்த ஆட்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

பிடித்துப்போன உற்சாகத்தில் பொட்டைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். இந்த வேலைக்கு மியூசியங்களில் பயன்படுத்துவது எச்சில். வேடிக்கை இல்லை, எச்சில் அழுக்கை இளக்கும், வண்ணத்தை ஒன்றும் செய்யாது. குச்சியில் பஞ்சைச் சுற்றி நாக்கில் நனைத்து, பொட்டின் இடது ஓரத்தில் லேசாக உருட்டினேன். பஞ்சு சிவந்தது, வட்டத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு மூளி விழுந்தது. அதற்குள் அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அம்மணி, எச்சலத் தொட்டா வெக்கறீங்க?"

எச்சில் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அப்பா தனி டம்ளரில் டீ குடித்த தோட்டங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு. இவர் அதை நினைத்துச் சொல்லவில்லை, யார் நாக்கு என்றாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் புதிதாகப் பொட்டு வைப்பதில்லை என்று மட்டும் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். "வெச்சத எடுக்கறதும் ஆகாதுங்க, அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அடுத்த ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு கலைக்கூடக்காரர் வந்தார். பட்டு ஜிப்பா, தேனொழுகும் பேச்சு. எலுமிச்சம்பழக்காரியைக் கண்காட்சியில் வைக்கிறேன், அப்படியே தளர்ந்துபோன துணியை இழுத்துக் கட்டிச் சீர் செய்தும் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. படம் சென்னையில் இருந்த மாதங்களில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து ஆபரேஷன் நடந்தது. பங்குனியில் படம் திரும்பி வந்தது.

வந்த மறுநாளே போன். "அம்மணி, ஒரு நட வந்துட்டுப் போங்க." குரலில் மோர், வெயில் எதுவும் இல்லை.

நான் போனபோது அவரும் வீட்டுக்காரரும் மாடி அறையில் இருந்தார்கள். கரண்ட் இல்லை. என் ஊதா விளக்கு ஒயர் கூடைக்குள் சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் ஜன்னலோரம் செய்தித்தாளைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இவ என்னயப் பாக்கலீங்க" என்றார் அந்த அம்மா படத்தைக் காட்டி. "எனக்குப் பின்னால இருக்கற யாரையோ பாக்கறா. இது அவ இல்லீங்க."

"ஏனுங் டீச்சர், ஆபரேசனுக்கு அப்பறம் இவளுக்கு எல்லாமே வேற மாதிரிதான் தெரியுதுங்க" என்றார் வீட்டுக்காரர். "நேத்து என்ற சட்டையப் பாத்து எப்ப எடுத்தீங்கன்னு கேக்கறா. அஞ்சு வருசமாப் போடறனுங்க." எழுந்து வந்து படத்தை ஒரு பார்வை பார்த்தார். "அதே படந்தானுங்க. அச்சு அசலா அதே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புரை விழுந்த கண் பழைய வார்னிஷ் பூசிய ஓவியம் மாதிரி, எல்லாவற்றையும் பழுப்பாகக் காட்டும். புரையை எடுத்ததும் நீலமும் வெள்ளையும் புதிதாக அடிக்கும். பல வருடம் பழுப்பாகப் பார்த்துப் பழகிய முகம் திடீரென்று அந்நியமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அந்த அம்மாவுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருந்தது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும் அம்மணி. என்ற கண்ணு போயிருச்சா, படம் போயிருச்சா? கண்ணுதான் போச்சுன்னா மூடி மறைக்காமச் சொல்லிப்போடுங்க. இந்த ரூம அவருக்கே குடுத்துடறன். கண்ண நம்பித்தானுங்க இத்தனையும் வாங்குனேன். அந்தக் கண்ணே பொய்யின்னா எதுக்குங்க எனக்கு இதெல்லாம்?"

வீட்டுக்காரர் அந்த இடத்தில் தகடுகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. செய்தித்தாளை மடித்துக்கொண்டார்.

படத்தைத் திருப்பினேன். அதே கட்டை. நான் தடவிப் பார்த்த அதே உளி அடையாளம், மூலையில் அதே கிழிந்த காகிதம். ஆணிகள் மட்டும் புதுசு, துணியை இழுத்துக் கட்டினால் ஆணி மாற்றத்தான் வேண்டும். துணியும் பழையதுதான். முன்பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் மேய்ந்தேன். வெடிப்புகள் இருந்தன, கொஞ்சம் ஒழுங்காக இருந்த மாதிரி தோன்றியது. தோன்றுவதை வைத்து ஒருவருடைய கண்ணுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? நெற்றிக்கு வந்தேன். அதே சிவப்பு வட்டம். அதன் இடது ஓரத்தில், அரிசி முனை அளவில், நான் அன்றைக்கு எச்சில் பஞ்சால் எடுத்த அதே மூளி.

அதோடு என் சந்தேகம் தீர்ந்தது. என் கையால் விழுந்த மூளியைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? படம் அதேதான். கண்தான் ஏமாற்றுகிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பூதக்கண்ணாடியைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் போலி என்று சொல்லித்தான் பழக்கம். நிஜம் என்று சொல்லி ஒருவரை அழவைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். "செரிங்க" என்றார். "அப்ப அந்தப் பொட்டத் தொடச்சுப்போடுங்க அம்மணி. எல்லாத்தையும் துணி சுத்தி எடுத்து வெக்கறதுன்னு ஆயிப்போச்சு, சுத்தமா எடுத்து வெச்சரலாம்."

"எச்சில்தாங்கம்மா."

"ஆகட்டுங்க. மனுச எச்சல்தான?"

நான் குச்சியில் பஞ்சைச் சுற்றினேன். வாய் உலர்ந்துபோயிருந்தது, நனைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. மூளி இருந்த ஓரத்திலேயே ஆரம்பித்து உருட்டினேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. இன்னொரு பஞ்சு எடுத்துக் கொஞ்சம் அழுத்தி உருட்டினேன். அதுவும் வெள்ளை. பொட்டின் நட்டநடுவில் வைத்து, எந்த ஓவியத்திலும் செய்யக்கூடாத அழுத்தத்தோடு தேய்த்தேன். எதுவும் வரவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. சிவப்பு வட்டத்தின் மேல் வார்னிஷ் மூடியிருந்தது.

நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. இருவரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள்.

"அம்மா, நீங்க வெச்சது குங்குமம். இது பெயிண்டு" என்றேன். "உங்க பொட்டு எச்சில் பட்டதும் வந்துச்சு. இது ஜென்மத்துக்கும் வராது. உங்க படத்தப் பாத்து எவனோ இன்னொண்ணு வரைஞ்சிருக்கான். பொட்டையும் சேர்த்து வரைஞ்சிருக்கான். நான் உண்டாக்கின மூளியையும் விடாம வரைஞ்சிருக்கான்."

கட்டையைக் கழற்றி, வேறு எங்கோ கிடந்த பழைய துணியில் நகலை வரைந்து, அதே கட்டையில் அடித்து அனுப்பியிருந்தார்கள். முதலில் பின்பக்கத்தைப் பார் என்ற பாடத்தை அவர்களும் படித்திருக்க வேண்டும். நகல் எடுத்தவன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூட வந்தது, அத்தனை நுணுக்கமான கை. ஆனால் விலையுயர்ந்த ஒரு ஓவியத்தின் மேல், வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து ஒருவர் நிஜக் குங்குமத்தைத் தொட்டு வைப்பார் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்? பழைய சொந்தக்காரர் யாரோ ஆசைப்பட்டு ஓவியனைக் கூப்பிட்டுப் பொட்டு வரைய வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் போல. கரண்ட் வந்ததும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பொட்டின் இடத்தில் மஞ்சளின் ஒளிர்வே இல்லை, கரேலென்று கிடந்தது.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என்ற கண்ணு?"

"நல்லா இருக்குதுங்கம்மா. என்னுதைவிட நல்லா இருக்குது. படம்தான் போச்சு."

"படம் போனாப் போகுதுங்க" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. ஒரு மூச்சு விட்டார். பிறகு நிமிர்ந்தார். "அதெப்படிப் போகும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. போலீஸுக்குப் போகலாம், பத்திரிகைக்கு எழுதலாம், நானே சென்னைக்குப் போய் அந்த ஜிப்பாவைப் பிடித்து உலுக்குகிறேன் என்று குதித்தேன். "உக்காருங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு அவர் டெலிபோனைத் தன் பக்கம் இழுத்து அந்தச் சென்னைக்காரருக்குப் போட்டார்.

"நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? படம் வந்து சேந்துச்சுங்க, ஜோரா இருக்குது. ஒண்ணுமில்லீங்க, நெத்திப் பொட்டுப் பழசாப் போச்சேன்னு தொடச்சனுங்க, போக மாட்டேங்குது. நான் வெச்சது குங்குமமுங்க. இது பெயிண்டாட்ட இருக்குது. உங்களுது பெரிய எடம், நாலு படம் வரும், நாலு படம் போகும், யாராச்சும் மாத்திக் கட்டிப்போட்டாங்களாட்ட இருக்குது. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்குச் செரமம் வேண்டாமுங்க. என்ற தம்பி சம்சாரத்தோட அண்ணன் அங்கதான் போலீசுல பெரிய வேலைல இருக்கறாரு. அவர அனுப்பறனுங்க, அவரே தேடி எடுத்தாந்துருவாரு. அனுப்பட்டுங்களா?"

எதிர்ப்பக்கம் என்ன பேசினார்களோ தெரியாது. இவர் மட்டும், "ஆமாங்க, செரிங்க, ரொம்ப சந்தோசமுங்க, அடுத்த தடவ வந்தா சாப்புட்டுத்தான் போகோணும்" என்று போனை வைத்தார். ஒரு சுடுசொல் இல்லை. நான் வாழ்நாளில் போட்ட அத்தனை சண்டையிலும் இவ்வளவு சுத்தமாக ஜெயித்ததில்லை.

அடுத்த வாரமே வேனில் படம் வந்தது. பட்டறையில் தவறுதலாக மாறிவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம். நகலை அவர்கள் திருப்பிக் கேட்கவும் இல்லை, இவர் கொடுக்கவும் இல்லை. அதை வீட்டுக்காரர் தன் கம்பெனி ஆபீஸில் மாட்டிக்கொண்டார். வாரா வாரம் வைக்கத் தேவையில்லாத பொட்டு, செலவில்லை என்றார்.

என்னைக் கூப்பிட்டபோது அந்த அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். "வந்துட்டா அம்மணி. என்னயத்தான் பாக்கறா." ஆனால் வீட்டுக்காரர் விடவில்லை. ஒரு தடவை ஏமாந்தாகிவிட்டது, இதுவும் டூப்ளிகேட்டாக இருந்தால் என்ன செய்வது, டீச்சர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். மோட்டார்காரர் அல்லவா, ஓட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பார்த்தால், சிக்கலாகத்தான் இருந்தது. பழைய கட்டை நகலுக்குப் போய்விட்டதால் இது புத்தம் புதுக் கட்டையில் அடித்து வந்திருந்தது. என் பின்பக்கப் பாடம் இந்த வீட்டில் இரண்டாவது தடவையாகக் காலை வாரியது. விற்பதற்குத் தயார் செய்தார்களோ என்னவோ, முகத்தை நன்றாகத் துடைத்துப் பொட்டையும் எடுத்திருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணாடிக்காரருக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமைக்குள் படத்துக்குக் கண்ணாடி, கண்ணாடி மேல் பொட்டு. "அதுக்கு நீங்க சண்டைக்கு வர முடியாதில்லீங்க?" என்றார். வரமுடியாதுதான்.

ஜன்னல்களை அடைத்தோம். நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. விளக்கைப் போட்டேன். முதலில் பாசி நிறம், மெதுவாகப் படம் முழுக்கப் பரவியது. தொப்பி தெரிந்தது, எலுமிச்சம்பழம் தெரிந்தது. விளக்கை நெற்றிக்கு மேலே நகர்த்தினேன்.

வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லாதிருந்த அந்த நெற்றியின் நடுவில், பச்சை மஞ்சளாக ஒரு வட்டம் ஒளிர்ந்தது. இத்தனை வெள்ளிக்கிழமைகளின் மஞ்சள், வெடிப்புகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டிருந்தது. எந்தப் பஞ்சாலும் அதை எடுத்திருக்க முடியாது.

"வெச்சத எடுக்க முடியாதுன்னு அன்னைக்கே சொன்னனில்லீங்க அம்மணி" என்றார் அவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். குனிந்தார். இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். மூக்கு படத்தில் இடித்துவிடும் என்று நான் விளக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எங்கீங்க? எனக்கு ஒண்ணுந் தெரியலியே."

இருட்டில் அந்த அம்மாவின் குரல் கேட்டது, போனில் பேசிய அதே மரியாதையோடு.

"ஏனுங் மாமா, நாளைக்குக் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிப்போடுங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்."